நான் எறிந்த தாள்

கருத்தடை மாத்திரைப் பெட்டியை முதன்முதலாக வாங்கி வந்த அன்று நான் செய்த முதல் வேலை, அதற்குள் இருந்த தாளை எறிந்ததுதான். பதினாறாக மடித்துச் செருகிய மெல்லிய தாள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியையும் கிழித்துப் போட்டேன். மாத்திரை அட்டையை மட்டும் மேக்கப் பையில், பழைய பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். வெறும் அட்டையைப் பார்த்தால் யாருக்கும் சட்டென்று தெரியாது. கேட்டால் வைட்டமின் என்று சொல்லிக்கொள்ளலாம். பெட்டியும் தாளும் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போது எனக்கு 26 வயது. ஷா ஆலமில் மூன்று பெண்களோடு வாடகை வீடு. அவர்களில் ஒருத்தி எங்கள் ஊர்ப் பெண், அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே கோயில். எனக்கு ஒரு காதலன் இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. இந்த மூன்று வாக்கியங்களை இப்போது எழுத முடிகிறது. அன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியாததால்தான் மீதி எல்லாம் நடந்தது.

பார்மசியில் கவுண்டரில் இருந்தவர் ஒரு சீன இளைஞர். நல்ல மாதிரி. குரலைத் தாழ்த்தி மூன்று கேள்வி கேட்டார். சிகரெட் பிடிப்பதுண்டா? இரத்தக்கொதிப்பு உண்டா? அடிக்கடி கடுமையான தலைவலி வருமா? எனக்குப் பின்னால் தமிழ் அக்கா ஒருவர் கையில் இருமல் மருந்தோடு நின்றுகொண்டிருந்தார். மூன்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்றேன். பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

மூன்றாவது பதில் பொய். இரண்டாவது பதில் எனக்கே தெரியாது, ஏனென்றால் நான் இரத்த அழுத்தம் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

பதினாறு வயதிலிருந்தே எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலி வருவதற்கு முன்னால் ஒரு வெளிச்சம் வரும். படித்துக்கொண்டிருக்கும் எழுத்தின் நடுவில் ஒரு புள்ளி காணாமல் போகும். பிறகு அந்த இடத்தில் வளைந்து நெளிந்து மினுமினுக்கும் ஒரு கோடு, ரம்பத்தின் பல் மாதிரி. இருபது நிமிடம் மெல்லப் பெரிதாகி, கண்ணின் ஓரத்துக்குப் போய் மறையும். அதன்பிறகுதான் வலி. வெயிலில் அலைந்ததால் வருவது என்று அம்மா நெற்றியில் தைலம் தேய்ப்பார். நானும் அதற்கு மேல் யோசித்ததில்லை. அதற்கு ‘ஆரா’ என்று ஒரு பெயர் இருப்பதோ, பார்மசிக்காரரின் கேள்வி அதைத்தான் தேடி வந்தது என்பதோ எனக்குத் தெரியாது.

இங்கே இன்னொரு மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. என் தேதியும் அதே வாரம். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய், கடை முழுக்கக் கேட்கும்படி, “இவளுக்கு டேட்டு தள்ளிப்போடற மாத்திர குடுங்க, வீட்ல விசேஷம்” என்று வாங்கித் தந்தார். வெட்கமே இல்லை. தைப்பூசத்துக்கு, கல்யாணத்துக்கு என்று நம் வீடுகளில் எத்தனை பெண்கள் அதைப் போட்டிருக்கிறோம். அதுவும் ஹார்மோன்தான். அதில் இருப்பது புரோஜெஸ்டோஜன் மட்டும். அதைக் கருத்தடை என்று நம்பிவிடவும் முடியாது. நான் பிறகு வாங்கியதில் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்திருந்தது, அதனால்தான் அதைக் கூட்டு மாத்திரை என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து சினைமுட்டை வெளியே வராமல் நிறுத்துகின்றன, கருப்பை வாயிலுள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவுக்கு வழி மறிக்கின்றன. சாமிக்காகப் போடும் ஹார்மோனைச் சத்தமாகக் கேட்கலாம். நமக்காகப் போடுவதைக் கேட்கக் கூடாது. நான் வளர்ந்த வீட்டின் விதி அவ்வளவுதான்.

அடுத்த பதினான்கு மாதம் அப்படியே போனது. போனில் இரவு 9 மணிக்கு ஒரு அலாரம், பெயர் ‘வைட்டமின்’. ஷா ஆலமில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஊருக்குப் போனால்தான். சுங்கைப் பட்டாணி வீட்டில் எனக்கென்று தனி அறை கிடையாது. என் பையை அம்மா திறந்து அழுக்குத் துணி எடுப்பார். அதனால் ஊருக்குப் போகும்போது அட்டையை எடுத்துப் போகவே மாட்டேன். ஒரு தீபாவளிக்கு மூன்று நாள் விட்டுப் போய், திரும்பி வந்த இரவு விட்டதற்கெல்லாம் சேர்த்து ஒரே வாயில் விழுங்கினேன். இரவெல்லாம் குமட்டல். கடனை அடைத்துவிட்ட நிம்மதியில் தூங்கினேன்.

இந்த மாத்திரைக்கு அப்படிக் கடன் அடைக்க முடியாது. ஒன்று தவறினால், ஞாபகம் வந்த உடனே அதைப் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறினால், கடைசியாகத் தவறியதை மட்டும் போட வேண்டும். முந்தியவை போனது போனதுதான். தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை போட்டு முடிக்கும்வரை ஆணுறையும் வேண்டும். தவறியது அட்டையின் மூன்றாம் வாரம் என்றால், வழக்கமான ஏழு நாள் இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். முதல் வாரத்தில் தவறி, அதையொட்டி உறவும் நடந்திருந்தால், அவசரக் கருத்தடை பற்றி உடனே கேட்க வேண்டும். இடைவெளி ஏழு நாளைத் தாண்டி நீள்வதுதான் ஆபத்து, சினைப்பை அதற்குள் விழித்துக்கொள்ளும். மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதுவும் போடாத கணக்குத்தான்.

ஒழுங்காகப் போட்டால் ஒரு வருடத்தில் 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கரு தங்குகிறது. மறப்பதும் தவறுவதுமாக நடக்கும் நிஜ வாழ்க்கையில் அது சுமார் 7 பேர். நான் அந்த ஏழில் ஒருத்தியாக ஆகாதது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

அந்த வருடக் கடைசியில் தலைவலி அடிக்கடி வர ஆரம்பித்தது. முன்பு வருடத்துக்கு மூன்று நான்கு தடவை வந்த வெளிச்சம், மாதத்துக்கு இரண்டு தடவை வந்தது. ஒரு நாள் வேலையிடத்தில், கோடு கண்ணைவிட்டுப் போன பிறகு வலது கை விரல்கள் மரத்துப்போயின. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கம்பெனியின் பேனல் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஒரு தமிழ் அம்மா. நெற்றியில் திருநீறு. பார்த்ததும் மனம் சுருங்கிவிட்டது.

“மாத்திர ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா?”

“இல்ல டாக்டர்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். மிஸ்ஸியை வெளியே போகச் சொன்னார்.

“வைட்டமினு, நாட்டு மருந்து, ஃபேமிலி பிளானிங், எதுவா இருந்தாலும் சொல்லலாம். இங்க உங்கம்மா இல்ல.”

சொன்னேன். எத்தனை மாதம், எந்த மாத்திரை எல்லாம் சொன்னேன். அந்த வெளிச்சத்தை ஒரு காகிதத்தில் வரையச் சொன்னார். வரைந்து காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கே நிறுத்திடுங்க. ஆனா அடுத்து என்ன செய்யப் போறோம்னு முடிவு பண்ணாம இந்த ரூம விட்டுப் போகாதீங்க” என்றார். கோபமும் இல்லை, அறிவுரையும் இல்லை. விரல் மரத்ததற்குத் தனியாக ஒரு நரம்பு டாக்டருக்குக் கடிதம் எழுதினார்.

பிறகு விளக்கினார். ஆரா வருகிற ஒற்றைத் தலைவலி, மூளையில் இரத்தம் அடைத்து வரும் பக்கவாதத்தின் வாய்ப்பைத் தானாகவே ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். இரண்டும் ஒரே உடம்பில் சேரக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் கருத்தடை முறைகளை யார் யாருக்குத் தரலாம் என்று நான்கு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. நான்காம் படி என்றால் தரவே கூடாது. ஆரா உள்ள பெண்ணுக்குக் கூட்டு மாத்திரை அந்த நான்காம் படி. “உங்க வயசுல ஸ்ட்ரோக் ரொம்ப அபூர்வம். பயந்துக்க வேணாம். ஆனா வந்தா திரும்பக் குடுக்க முடியாத விஷயம் அது” என்றார்.

ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் இருந்தன. புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரை, கையில் வைக்கும் இம்பிளாண்ட், கருப்பைக்குள் வைக்கும் காப்பர் சாதனம். நான் முதலாவதைத் தேர்ந்தேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“குடும்பத்துல யாருக்காவது கால்ல, நெஞ்சுல ரத்தம் கட்டியிருக்கா? சின்ன வயசுல ஸ்ட்ரோக்?”

“தெரியல டாக்டர்.”

“அம்மாவக் கேளுங்க.”

அன்று இரவு அந்த மாத்திரையின் பெயரைப் போட்டு, நான் எறிந்த தாளை இணையத்தில் தேடி எடுத்தேன். நான் பட்ட பாடு முழுவதும் அதில் இருந்தது. ஆரா இருந்தது. மறந்தால் என்ன செய்வது என்பது படம் போட்டே இருந்தது. யார் போடக் கூடாது என்பது ஒரு பக்கத்துக்கு இருந்தது. 35 வயதுக்கு மேல் சிகரெட் பிடிப்பவர்கள், இரத்தக்கொதிப்பு கட்டுப்படாதவர்கள், முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், பிரசவம் ஆகிச் சில வாரமே ஆனவர்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் சில மருந்துகள் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதும் இருந்தது.

அந்தத் தாள் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். உலகின் முதல் கருத்தடை மாத்திரையான எனோவிட், 1957இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது கருத்தடைக்கு என்று வரவில்லை, மாதவிடாய்க் கோளாறுக்கு என்றுதான் வந்தது. கருத்தடைக்கான அனுமதி 1960இல். அதற்கு முன் 1956 முதல் புவெர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். இது சோதனை என்றே அவர்களிடம் சொல்லவில்லை. 1960இல் வந்த மாத்திரையில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் எதினைல் ஈஸ்ட்ராடியால் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் 1969இல் மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதையொட்டி 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் ஒரு விசாரணை நடத்தினார். மாத்திரை போட்டுப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைக்கூடச் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த ஆலிஸ் உல்ஃப்சனும் தோழிகளும் எழுந்து நின்று கத்தினார்கள். எங்களை ஏன் கேட்கவில்லை, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் கேள்வி. அதே வருடம்தான் மாத்திரைப் பெட்டிக்குள் பெண்கள் படிப்பதற்கென்று எச்சரிக்கைத் தாள் வைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டது.

அப்படிக் கத்தி வாங்கிய தாளைத்தான் நான் குப்பையில் போட்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கண்டு பயப்பட வேண்டாம். கணக்கு இதுதான். மாத்திரை போடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 2 பேருக்கு நரம்பில் இரத்தம் கட்டுகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் கலந்த கூட்டு மாத்திரை போடுபவர்களில் 5 முதல் 7 பேருக்கு. டிரோஸ்பிரினோன், டெசோஜெஸ்ட்ரல் கலந்ததில் 9 முதல் 12 பேருக்கு. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களிலும் இவை எல்லாவற்றையும்விட அதிகம். முதல் வருடத்தில்தான் வாய்ப்புக் கூடுதல், நான்கு வாரமோ மேலோ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அந்தக் கணக்கும் மறுபடி தொடங்கும். மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்களின் வாய்ப்பு சிறிது கூடுகிறது. சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்களின் வாய்ப்பு குறைகிறது. பால்வினை நோய்களை எந்த மாத்திரையும் தடுக்காது. பெரும்பாலான பெண்களுக்கு இது பாதுகாப்பான மருந்துதான். யாருக்கு இல்லை என்பதைக் கண்டுபிடிக்கச் சில கேள்விகளும் ஓர் இரத்த அழுத்தக் கருவியும் போதும். கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, அடிவயிற்றில் கடும் வலி, இதுவரை வராத மாதிரியான தலைவலி, பார்வை மங்குவது, பேச்சுக் குழறுவது. இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும். போய், மாத்திரை போடுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

அம்மாவைக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது. போனில் முடியவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா அடுப்படியில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலைந்து கிள்ளினேன்.

“ம்மா, நம்ம சொந்தத்துல யாருக்காச்சும் கால்ல ரத்தம் கட்டுச்சா?”

“ஏன்?”

“டாக்டர் கேட்டாங்க.”

“எதுக்குக் கேட்டாங்க?”

பொய் ஒன்று தயாராகவே இருந்தது. தலைவலி மருந்துக்கு என்று சொல்லலாம். சொல்ல வாயெடுத்து, “பில் போட்டுட்டிருந்தேன். அது எனக்கு ஒத்துக்காதாம்” என்றேன்.

அம்மா கை நிற்கவில்லை. தலை தனி, குடல் தனி. ஐந்தாறு நெத்திலி போயிருக்கும்.

“எங்கக்கா ஒருத்தி இருந்தா. உங்க பெரியம்மா. நீ பாத்ததில்ல.”

தெரியும். பிள்ளை பெற்ற ஆறாம் நாள் தோட்டத்தில் செத்துப்போனவர். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று பாட்டி சொல்வார்.

“காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. இடது காலு மட்டும் இப்படி வீங்கிப் போச்சு. ரெண்டு நாளா வலிக்குதுன்னா. பச்ச ஒடம்புக்காரி வெளிய போகக் கூடாதுன்னு தைலம் தேச்சி விட்டாங்க. விடியக்காலம் மூச்சு முட்டுதுன்னு எழுந்து ஒக்காந்தா. அவ்வளவுதான்.” அம்மா நெத்திலித் தலைகளை ஒதுக்கினார். “இதப் போயி டாக்டர்ட்ட சொல்லு.”

பிறகு சொன்னேன். பிரசவத்துக்குப் பின் வருவது யாருக்கும் வரலாம், அதை மட்டும் வைத்துக் குடும்ப நோய் என்று முடிவு கட்ட முடியாது, ஆனாலும் எழுதி வைக்க வேண்டிய விஷயம் என்று டாக்டர் குறித்துக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் காத்துக் கருப்பாக இருந்த பெரியம்மா, முதன்முதலாக ஒரு மருத்துவக் கோப்பில் ஏறினார்.

அன்று அடுப்படியில் அம்மா அதோடு நிறுத்தவில்லை.

“உங்கண்ணனுக்கும் உனக்கும் நடுவுல ஏன் ஆறு வருசம்னு யோசிச்சியா?”

யோசித்ததில்லை.

“அக்கா போனதுக்கப்புறம் எனக்குப் பயம். தோட்டத்துக் கிளினிக்ல மிஸ்ஸி குடுக்கும். உங்க அப்பாயிக்குத் தெரிஞ்சா கொன்னுருக்கும். அரிசி டின்னுக்குள்ள பொதச்சி வெப்பேன்.” சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. “அந்த மிஸ்ஸி சும்மா குடுக்காது. ஒவ்வொரு தடவையும் கையில பட்டயக் கட்டி பிரஷர் பாக்கும், கால அமுக்கிப் பாக்கும், தல வலிக்குதான்னு கேக்கும். ஒரு நா பிரஷர் ஏறிப்போச்சு, இனிமே கெடயாதுன்னு சொல்லிருச்சு. அப்புறம் நீ வந்துட்ட.”

இரத்த அழுத்தத்தை இந்த மாத்திரை ஏற்றக்கூடும், தொடங்கும் முன்னும் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவதும் பார்க்க வேண்டும் என்று நான் இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கு லயத்து வீட்டில் அது தெரிந்திருக்கிறது. அவரும் ஒளித்துத்தான் வைத்தார். ஆனால் ஒரே ஓர் ஆளிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். கையில் போனும், ஒரு கடைத்தெருவுக்கு நாலு பார்மசியுமாக இருந்த நான், ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பையன் யார், எப்போது கல்யாணம் என்று கேட்பார் என நினைத்தேன். அது பிறகு வந்தது, சண்டையும் வந்தது. அன்றைக்குக் கேட்டது வேறு.

“இப்ப என்ன போடற?”

“வேற மாத்திர. தலைவலிக்கு ஒன்னும் பண்ணாதாம்.”

“பிரஷர் பாத்தாங்களா?”

“பாத்தாங்க.”

“எவ்ளோ?”

எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா நெத்திலி வாசனைக் கையைக் கழுவிவிட்டு, டிவி மேசை இழுப்பறையிலிருந்து அப்பாவின் பிரஷர் மெஷினை எடுத்து வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லி, கையை மேசைமேல் வைத்துப் பட்டையைக் கட்டினார். நான் ஏதோ சொல்ல வந்தேன்.

“பேசாம இரு. பேசுனா கூடக் காட்டும்.”

பட்டை இறுகித் தளர்ந்தது. 118க்கு 76. அப்பாவின் சிறிய நோட்டுப் புத்தகத்தில், அவர் எண்களுக்குக் கீழே, அம்மா தேதி போட்டு என் பெயரை எழுதினார்.